ஆடி பிறக்கும்வரை ஆடிய வண்டி

எங்கள் வீட்டுக் கார் பயந்த சுபாவம் உள்ளது என்றுதான் ஒன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, பழவேற்காட்டில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். தெருவைவிட்டுப் பொன்னேரி ரோட்டுக்குத் திரும்புகிற வழியில் டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். அவற்றைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் வண்டி நடுங்கத் தொடங்கிவிடும். முதலில் பின் சீட்டுக்கு அடியில் லேசாக ஒரு குறுகுறுப்பு வரும். பிறகு கதவு, கண்ணாடி, என் பல்வரிசை எல்லாம் சேர்ந்து கடகடக்கும். திரும்பி வரும்போது ஊரை நெருங்க நெருங்க அடங்கிவிடும். வீட்டைப் பார்த்துவிட்டால் யாருக்குத்தான் பயம் தெளியாது என்று தெருவில் அதற்கும் காரணம் சொன்னார்கள்.

அந்த வண்டியைப் பொன்னேரி கோர்ட்டு வக்கீல் ஒருவர் ஓட்டி அலுத்த பிறகு நைனா வாங்கியிருந்தார். கறுப்பு நிறம், வயதில் எனக்கு மூத்தது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடும். சவாரி இல்லாத நாளில் டிக்கியில் இறால் கூடை ஏறும். அதனால் அதற்குள் எப்போதும் மல்லிகைப்பூவும் இறாலும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குத் தூக்கம் வரும். வண்டி நடுங்கும்போது வாயைத் திறந்து 'ஆ' என்று நீட்டினால் குரல் துண்டு துண்டாக உடைந்து வெளியே வரும். ஜன்னலுக்கு வெளியே ஏரியும் அப்படித்தான் துண்டு துண்டாகத் தெரியும். வெள்ளைத் தண்ணீர், அதன்மேல் ஒரு படகு, மறுபடி வெள்ளைத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். அந்த நடுக்கம் சரியாக வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

அந்த வருஷம் ஆனி மாசத்தில் வண்டிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. அத்தையை ஆரம்பாக்கத்தில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம். மாசி மகத்துக்குக் கடலில் குளிக்க வந்தவள், நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பஸ்ஸில் தனியாக, ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். நாலு நாள் நாலு மாசமாயிற்று. ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டபோதெல்லாம் "சும்மாதான் அண்ணி" என்றாள். எனக்கு அந்த நாலு மாசமும் திருவிழாதான். என் தலையை வாரிவிட்டாள், என் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தந்தாள், நண்டு ஓட்டை உடைத்துச் சதையை மட்டும் எடுத்து என் வாயில் வைத்தாள். மத்தியானத்தில் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன்.

ஆனி பிறந்ததும் ஆரம்பாக்கத்திலிருந்து பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கலர் சோடா குடித்தார்கள். ஆடி பிறப்பதற்குள் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், ஆடியில் அழைத்துக்கொள்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, அதற்குள் வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா பயந்துபோனாள். நைனாவுக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. பஸ்ஸில் வந்தவளைக் காரில்தான் அனுப்புவேன், சீர்ப் பலகாரத்தோடு போய் இறங்கவேண்டும், எங்கள் வீட்டில் துரத்திவிட்டார்கள் என்று ஒருத்தன் பேசக்கூடாது என்றார். அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் கிளம்பினோம். நைனா ஓட்ட, பக்கத்தில் அம்மா. பின்னால் அத்தையும் நானும் பலகாரக் கூடையும், கூடைமேல் மஞ்சள் குங்குமத் தட்டும். கல்லறையைத் தாண்டினோம். வேகமுள் நாற்பதைத் தொட்டதும் வண்டி தன் வேலையைக் காட்டியது. அன்றைக்கென்று பலமாகவே காட்டியது. அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். நடுக்கம் சீட்டு வழியாகவும் அவள் கை வழியாகவும் எனக்கு வந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போல 'ஆ' என்று நீட்ட வாயைத் திறந்த சமயம் குங்குமத் தட்டு கவிழ்ந்து அத்தையின் மடியெல்லாம் சிவப்பாகிவிட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "வண்டியத் திருப்புங்க" என்று மட்டும் சொன்னாள். நைனா திருப்பிவிட்டார்.

மறுநாளே நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். வண்டி பழத்தை நசுக்கியதே தவிர நடுக்கத்தை விடவில்லை. பிறகுதான் கடைத்தெருவில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாயைக் கூப்பிட்டார்கள். பாய் ஒல்லியாக இருப்பார், அதிகம் பேசமாட்டார், பேசினால் பாதியில் நிறுத்திவிட்டு வண்டிச் சத்தத்தைக் கேட்பார். எலும்புக்கூடு விஷயத்தை அம்மா சொல்லச் சொல்ல மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு ஓட்டிப் பார்க்கவேண்டும், பின் சீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்றார். நைனா ஏறினால் ஸ்டியரிங்கைக் கேட்பார், அம்மாவின் தம்பியான மாமா ஏறினால் பேசிக்கொண்டே வருவார். ஆகவே என்னை ஏற்றினார்கள்.

"பாப்பா, கண்ண மூடிக்கோ. எங்க ஆடுதோ அங்க கைய வெச்சி சொல்லு. அவ்ளோதான்."

முதலில் கல்லறை வாசலில் மெதுவாக இரண்டு தடவை போய் வந்தோம். ஒன்றும் ஆடவில்லை. எலும்புக்கூடுகள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. பிறகு பொன்னேரி ரோட்டில் நாற்பது. ஆடியது. காட்டூர்ப் பக்கம் திரும்பி, எலும்புக்கூடு எதுவும் இல்லாத வயல்காட்டு ரோட்டில் நாற்பது. அங்கேயும் ஆடியது. முப்பதுக்கு இறங்கினால் நின்றது. நான் கண்ணை மூடி, கையைச் சீட்டிலும் கதவிலும் மாற்றி மாற்றி வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணை மூடியிருந்ததால் நாங்கள் தண்ணீருக்குமேல் போவதாகவே எனக்குத் தோன்றியது. அப்புறம் பாய் ஒரு காரியம் செய்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரை விடுவித்து என்ஜினை நிறுத்திவிட்டார். சத்தம் போய்விட்டது. காற்றும் டயரும் மட்டும் கேட்டன. நடுக்கம் போகவில்லை.

"இப்போ?"

"இப்பவும் ஆடுது பாய். சீட்டுக்குக் கீழ, நடுவுல."

என்ஜின் நின்ற பிறகும் ஆடுகிறது, ஆகவே என்ஜின் இல்லை. ஸ்டியரிங் அசையாமல் இருக்கிறது, ஆகவே முன்சக்கரமும் இல்லை. பாய் வீட்டுக்கு வந்து, "புரபெல்லர் ஷாஃப்ட்டுதான்" என்றார்.

மாமா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். என்ஜின் வைத்த படகு ஓட்டுகிறவர் என்பதால் சுற்றுகிற எந்தப் பொருளைப்பற்றியும் அவருக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. "தண்ணில போற போட்டுக்குதான் புரபெல்லரு. ரோட்டுல போறதுக்கு இன்னாத்துக்கு பாய்?" என்றார். பாய் அவரைக் கீழே குனியவைத்து, என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு நீளமாக ஓடுகிற அந்த இரும்புத் தண்டைக் காட்டினார். மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். உடனே கட்சி மாறிவிட்டார். புரபெல்லர் ஷாஃப்ட் நடுங்குகிறது என்றால் அதில் வலை நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான், வருஷத்தில் பத்துத் தடவை நான் அறுத்து எடுக்கிறேன் என்று, இடுப்புக் கத்தியோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், நூல் இருந்தது. எங்கள் தெருவில் வலையை ரோட்டில்தான் காயப்போடுவார்கள், வண்டிகள் அதன்மேல்தான் போகும். மாமா ஒரு கைப்பிடி நீல நைலான் நூலோடு வெளியே வந்து, அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். நைனா வண்டியை எடுத்து நாற்பதில் ஓட்டினார். வண்டி பழையபடி ஆடியது. இன்னும் உள்ளே கொஞ்சம் இருக்கிறது என்றார் மாமா.

பாய் ஷாஃப்ட்டைக் கழற்றிப் புங்க மரத்தடியில் சாக்குமேல் கிடத்தினார். அதன் முனையில் நாலு கையையும் விரித்த சின்ன இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. கிராஸ் என்றார். அது தேய்ந்து துருவாகக் கொட்டியது. பொன்னேரி போய்ப் புதுசு வாங்கி வரவேண்டும், ஒரு நாள் ஆகும். அந்த ஷாஃப்ட் ஒரே தண்டல்ல. ஒன்றுக்குள் ஒன்று பல்பல்லாக நுழைகிற இரண்டு துண்டு. பிரிப்பதற்குமுன் பாய் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, இந்தத் துண்டில் ஒரு கோடும் அந்தத் துண்டில் ஒரு கோடுமாக நேருக்கு நேர் இழுத்தார். மறுபடி மாட்டும்போது கோட்டோடு கோடு சேரவேண்டும், மாறிப்போனால் எடை ஒருபக்கம் சாய்ந்து வண்டி இன்னும் மோசமாக ஆடும் என்றார்.

இது மாமாவுக்கு நன்றாகப் புரிந்தது. "நம்ம கடல் கோடு மாதிரிதான்" என்றார். கடலில் ரோடும் கிடையாது, வழிகாட்டிப் பலகையும் கிடையாது. கலங்கரை விளக்கமும் கோயில் பனையும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஒரே கோட்டில் நின்றால் மீன் இருக்கும் இடம் வந்துவிட்டது என்று வலையை இறக்குவார்கள். அந்தக் கோட்டைத் தவறவிட்டவன் வெறும் தண்ணீரில் வலை போட்டுவிட்டு வருவான். மாமா அதைக் கையை நீட்டி நீட்டி விவரித்தார். நான் வாயைப் பிளந்து கேட்டேன்.

அத்தை சற்றுத் தள்ளி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு மாசத்தில் வெளியாள் ஒருவரிடம் அவள் வாய்திறந்து கேட்டது அன்றைக்குத்தான்.

"கோடு அழிஞ்சிட்டா இன்னா பாய் ஆவும்?"

"பேஜாருதாம்மா. குருட்டாம்போக்குலதான் மாட்டணும்" என்றார் பாய்.

மறுநாள் காலையில் நைனா ஏரிக்கரைக்குப் போயிருந்தார், அம்மா மார்க்கெட்டுக்கு. மேல்காற்று அடித்து மரத்தடியெல்லாம் புங்கம்பூ உதிர்ந்து கிடந்தது. அத்தை ஒரு கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெயும் நைனாவின் கிழிந்த பனியனும் கொண்டுவந்தாள். "பாய் வர்றதுக்குள்ள பளபளன்னு பண்ணி வெச்சிடலாமாடி கண்ணு?" என்றாள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஷாஃப்ட்டில் வருஷக்கணக்கான சேறும் கிரீஸும். பனியன் பட்ட இடமெல்லாம் இரும்பு நீலமாக எட்டிப்பார்த்தது. அத்தை தொடவே இல்லை, கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை, "இங்க கொஞ்சம் வெள்ளையா கீது பாரு" என்று விரலை நீட்டிக் காட்டினாள். நான் அதையும் அழுத்தித் தேய்த்தேன். கோட்டைப்பற்றிப் பேசியது என் காதிலும் விழுந்ததுதான். ஆனால் மாமா சொன்னதைக் கேட்டபிறகு எனக்குத் தெரிந்த கோடு கடலில் இருந்தது.

பாய் புதுக் கிராஸோடு வந்து, குனிந்தவர் அப்படியே நின்றார். கோடு எங்கே என்று கேட்டார். துடைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா முதுகில் வைத்த அறையில் புங்கம்பூ எல்லாம் சுற்றியது. நாள் போய்க்கொண்டிருக்கிறது, ஆனி முடிய மூன்று நாள்தான் இருக்கிறது, குடும்பத்தைக் கெடுக்கவே பிறந்தது என்று அழுதுகொண்டே திட்டினாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தலையைத் தூக்கவில்லை. அவள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் ஏனோ சொல்லத் தோன்றவில்லை. மத்தியானம் சோறு போட்டபோது தன் தட்டில் இருந்த இறால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்தாள். கோபம் அதோடு போய்விட்டது. நான் அவ்வளவு விலை குறைந்த ஆள்தான்.

பாய் கண்ணால் அளந்து, இரண்டு துண்டையும் நேராக வைத்தார். நேர் என்பதில் இரண்டு விதம் இருந்தது, ஒன்று சரி, மற்றது தலைகீழ். அவர் தேர்ந்தது தலைகீழ். அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது நாற்பதுகூட ஆகவில்லை, உள்கண்ணாடி கழன்று நைனாவின் மடியில் விழுந்தது. நைனா அன்று சாப்பிடவில்லை. பாய் தலையைச் சொறிந்துகொண்டு, கவலைப்பட வேண்டாம், இன்னொரு தடவை அவிழ்த்து அரைச் சுற்று திருப்பி மாட்டிவிடுகிறேன் என்றார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, அவருக்குத் தொழுகை, வேலை பாதியில் நின்றது. ஆக ஆனியின் கடைசி நாள் காலையில்தான் வண்டி நாலு காலில் நின்றது.

மத்தியானமே கிளம்பினோம். அதே கூடை, புதுத் தட்டு. குங்குமத்தை அம்மா இந்தத் தடவை டப்பாவில் போட்டு மூடியிருந்தாள். அத்தை அரக்குச் சேலை கட்டியிருந்தாள். அவள் உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லறை போயிற்று. எலும்புக்கூடுகள் பின்னால் போயின. நைனா முள்ளையே பார்த்தார். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நாற்பத்தைந்து. ஒரு கண்ணாடி அசையவில்லை. ஐம்பதில் நைனா வாய்விட்டுச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "பாய் பாய்தான்" என்றார். அம்மா நிம்மதியில் கண்ணயர்ந்துவிட்டாள். வெயிலில் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு படகு வெறும் வெளிச்சத்தில் நின்றது. வண்டி ஓடுகிறதா, வெளியே இருப்பதெல்லாம் ஓடுகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நடுக்கம் இல்லாத வண்டியில் எனக்குத் தூக்கமும் வரவில்லை.

அப்போதுதான் பாய் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கையைச் சீட்டில் வைத்தேன். ஒன்றும் இல்லை. கதவில் வைத்தேன். இல்லை. மற்ற கை அத்தையின் கைக்குள் இருந்தது.

"நைனா, இன்னும் ஆடுது" என்றேன்.

நைனாவின் சிரிப்பு நின்றது. "எங்க?"

"அத்தை கையில."

அத்தை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை, சோதனை நடக்கிறதே. நைனா வேகத்தைக் குறைத்தார். முள் நாற்பதுக்கு வந்து, முப்பதுக்கு வந்தது.

"இப்போ?" என்று கேட்டார். அவர் குரல் பாய் குரல் அளவுக்கு மெதுவாக இருந்தது.

"இப்பவும் ஆடுது."

வண்டியை ஒரு பனைமரத்தடியில் ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். காற்று மட்டும் கேட்டது.

"இப்போ?"

நான் கண்ணை இறுக்கி மூடி, நன்றாகப் பார்த்துத்தான் சொன்னேன். "இப்பவும் ஆடுது நைனா."

கண்ணைத் திறந்தபோது நைனா பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா விழித்துக்கொண்டு அவளும் பார்த்தாள். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். நைனா கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரை ஒரு தடவை உதைத்தார். பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். அம்மா முன் சீட்டிலிருந்து எக்கிக் கையை நீட்டி, என் கையோடு சேர்த்து அத்தையின் கையைப் பிடித்தாள். அந்தக் கையால்தான் இரண்டு நாளைக்கு முன் என்னை அறைந்திருந்தாள்.

நைனா வந்து உட்கார்ந்தார். வண்டியைப் பழவேற்காட்டுப் பக்கம் திருப்பினார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை, பலகாரத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கல்லறை கண்ணில் படுவதற்குமுன்பே அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை அசையாமல் கிடந்தது. வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் ஆடி பிறந்தது. அதற்குப்பின் எங்கள் வீட்டில் ஆரம்பாக்கத்தின் பேரை யாரும் எடுக்கவில்லை.

எனக்கு இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. பாய் இவ்வளவு வேலை செய்தும் ஒரு கோளாறு மிச்சம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது நான் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். கடைத்தெருவுக்குப் போய், ஷெட்டில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். ஐம்பதில் ஆடியது, முப்பதில் ஆடியது, என்ஜினை நிறுத்தி வண்டி நின்ற பிறகும் ஆடியது, அத்தை கையில்தான் ஆடியது, அது எந்த ஷாஃப்ட் பாய் என்று கேட்டேன்.

பாய் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நின்ன பின்னாலயும் ஆடிச்சின்னா அது வண்டி இல்ல பாப்பா" என்றார்.

பாய்க்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.